இரண்டு இறாத்தல் துண்டுத் துணி
எலிசபெத் பிரை அம்மையாரின் வாழ்வும் பணியும்

சிறைச்சாலைச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் எந்த நூலிலும் எலிசபெத் பிரை அம்மையாரின் பெயர் தவறாது இடம்பெறும். 2002ஆம் ஆண்டு வெளியான இங்கிலாந்தின் ஐந்து பவுண் தாளில், வெள்ளைத் தொப்பியணிந்த அவரது உருவமும், சிறைக் கைதிகளுக்கு அவர் வாசித்துக் காட்டும் காட்சியும் அச்சிடப்பட்டிருந்தன. நியூகேற் சிறைக்குள் அஞ்சாது நுழைந்த சீமாட்டி என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆயினும் அவர் செய்த பணிகளுள், தையற்பெட்டியோடு வளர்ந்த பெண்களாகிய நமக்கு மிக நெருக்கமான ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகள் ஒவ்வொருவரின் கையிலும் அவரும் அவருடைய தோழியரும் ஒரு பையைக் கொடுத்தனுப்பினார்கள். அதனுள் ஊசியும் நூலும் இரண்டு இறாத்தல் துண்டுத் துணியும் இருந்தன. அந்தப் பையின் வழியாக அவர் வாழ்வைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோரிச் நகரத்துச் சிறுமி

எலிசபெத் 1780ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி இங்கிலாந்தின் நோரிச் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோன் கேர்னி, கம்பளி நூல் வணிகமும் வங்கித் தொழிலும் செய்த செல்வர். தாயார் கத்தரின், பார்க்ளே வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு அது. ஏர்ல்ஹாம் மாளிகையில் வசதியாக வாழ்ந்த அக்குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்தது. குவேக்கர்களுள் கடும் நியமம் காத்தவர்கள் பாட்டு, நடனம், வண்ண உடை ஆகியவற்றைத் தவிர்த்தனர். ஏர்ல்ஹாம் வீட்டிலோ அந்த நியமங்கள் அவ்வளவாகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

எலிசபெத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது தாயார் காலமானார். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பெரும் பங்கு இவர் தோளிலும் விழுந்தது. இளமையில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டவராகவும், எதற்கும் அஞ்சுபவராகவும், மனச்சோர்வு மிக்கவராகவும் இருந்தார் என்பதை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. பின்னாளில் நியூகேற் சிறையின் இரும்புக் கதவைத் திறக்கச் செய்தவர் பிறவியிலேயே துணிச்சல்காரர் அல்லர் என்பதை நம் மாணவிகள் நினைவிற் கொள்வது நல்லது.

1798ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்னும் குவேக்கர் போதகரின் பிரசங்கத்தைக் கேட்கச் சென்றார். அன்று அவர் அணிந்திருந்தவை செந்நிற நாடா கட்டிய ஊதாப் பாதணிகள். பிரசங்கம் முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது அவர் அழுதுகொண்டே வந்தார் என்று சகோதரிகள் பதிவு செய்துள்ளனர். அதன்பின் சிறிது சிறிதாக வண்ண உடைகளைக் கைவிட்டு, சாதாரண நிற ஆடைக்கும் வெள்ளைத் தொப்பிக்கும் மாறினார். தம் வாழ்நாள் முழுதும் வண்ணத்தைத் துறந்த இவரே பின்னர் பல்லாயிரம் பெண்களின் கையில் வண்ணத் துணிகளைக் கொடுத்தவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்திலேயே அயலிலிருந்த ஏழைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு பிள்ளையோடு தொடங்கிய அந்த வகுப்பு நாளடைவில் வீட்டின் சலவைக் கூடத்தை நிரப்புமளவுக்கு வளர்ந்தது.

மணவாழ்வு

1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி ஜோசப் பிரை என்பவரை மணந்து இலண்டன் வந்தார். கணவர் குடும்பத்தாரும் குவேக்கர்களே. தேயிலை, கோப்பி, வாசனைத் திரவிய வணிகமும் வங்கியும் அவர்களுடைய தொழில்கள். 1809இல் குடும்பம் ஈஸ்ற் ஹாம் பகுதியிலிருந்த பிளாஷெற் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. 1801 முதல் 1822 வரையான காலத்தில் எலிசபெத் பதினொரு பிள்ளைகளுக்குத் தாயானார். 1811இல் குவேக்கர் சபை அவரைப் போதகராக ஏற்றுக்கொண்டது. பெண்கள் சபையில் எழுந்து பேச இடமளித்த மிகச் சில சமயப் பிரிவுகளுள் குவேக்கர் சபையும் ஒன்று. பிற்காலத்தில் பாராளுமன்றக் குழுவின் முன் தயங்காமல் பேசுவதற்கான பயிற்சி அவருக்கு இங்கேதான் கிடைத்தது.

நியூகேற்

1813ஆம் ஆண்டின் கடுங்குளிரில் ஸ்ரீபன் கிறெலெற் என்னும் குவேக்கர் நண்பர் நியூகேற் சிறையைப் பார்த்துவிட்டு நேரே எலிசபெத்திடம் வந்தார். பெண்கள் பகுதியில் குழந்தைகள் உடுக்க உடையின்றி நடுங்குவதைக் கூறினார். எலிசபெத் அன்றே கம்பளித் துணி வாங்கி, தோழியரைக் கூட்டிக் குழந்தை உடைகளைத் தைக்கச் செய்தார். அடுத்த நாட்களில் அனா பக்ஸ்ரன் என்ற தோழியுடன் அவற்றை எடுத்துக்கொண்டு சிறைக்குச் சென்றார். அவரைச் சிறைக்குள் முதன்முதல் கொண்டுபோனதும் ஒரு தையல் வேலையே.

உள்ளே ஏறக்குறைய முந்நூறு பெண்கள் தம் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக் கிடந்தனர். தீர்ப்பு வழங்கப்பட்டவர், விசாரணைக்குக் காத்திருப்பவர், மரண தண்டனை பெற்றவர் அனைவரும் ஒரே இடத்திலிருந்தனர். அதே தரையில் சமைத்து, அதே தரையில் உறங்கினர். சாராயம் தாராளமாகக் கிடைத்தது. சிறையின் ஆளுநர் கூடத் தனியே உள்ளே செல்லத் தயங்கிய இடம் அது.

மூன்று முறை சென்றுவந்த பின் சுமார் நான்கு ஆண்டுகள் அவரால் அங்கு செல்ல முடியவில்லை. பிள்ளைப்பேறுகளும் குடும்பத்தின் பணக் கஷ்டமும் தடையாயின. 1815இல் ஐந்து வயது நிறையாத மகளையும் பறிகொடுத்தார். அந்தத் துயரோடு மீண்டும் நியூகேற்றுக்குச் சென்றபோது, அவர் கைதிகளிடம் அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியே பேசத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை வேண்டாமா என்று தாய்மாரிடம் கேட்டார். ஆசிரியையைக் கைதிகளே தேர்ந்தெடுத்தனர். கைக்கடிகாரம் திருடிய குற்றத்துக்காகச் சிறைவந்த மேரி கொனர் என்ற படித்த இளம்பெண் அந்தப் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகளின் வகுப்பு நடக்கும் அறை வாசலில் இளம் கைதிகள் நின்று, தங்களுக்கும் கற்பிக்கும்படியும் ஏதேனும் வேலை தரும்படியும் மன்றாடினர்.

1817ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூகேற் பெண் கைதிகளின் நலனுக்கான சங்கம் உருவாயிற்று. ஒரு குருவானவரின் மனைவியும் பதினொரு குவேக்கர் பெண்களும் அதன் உறுப்பினர்கள். கைதிகளுக்குத் தையல் வேலை கொடுப்பது என்று சங்கம் முடிவு செய்தபோது அதிகாரிகள் சிரித்தனர். கொடுக்கும் துணியைத் திருடி விற்றுவிடுவார்கள், அல்லது கிழித்தெறிவார்கள் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. எலிசபெத் கைதிகளை ஒன்றுகூட்டி, விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொரு விதிக்கும் கையுயர்த்திச் சம்மதம் தெரிவிக்கும்படி கேட்டார். சூதாட்டம் கூடாது, வசைமொழி கூடாது, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவி இருப்பாள் என்பன போன்ற விதிகள் அவை. சிறையிலிருப்பவரிடம் சம்மதம் கேட்பது என்பது அந்நாளில் எவரும் எண்ணிப் பாராத காரியம்.

அதிகாரிகள் அஞ்சியது நடக்கவில்லை. அவுஸ்திரேலியக் குடியேற்றத்துக்கு உடை அனுப்பும் வணிகர்களிடமிருந்து வேலை பெற்று, சுமார் பத்து மாதங்களில் ஏறக்குறைய 20,000 உடைகளை அப்பெண்கள் தைத்து முடித்தனர். இலண்டன் மாநகர முதல்வரும் அதிகாரிகளும் நேரில் வந்து பார்த்து, பெண் மேற்பார்வையாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாமே ஏற்றனர். 1818இல் பொதுமக்கள் சபையின் குழு எலிசபெத்தை அழைத்துச் சாட்சியம் கேட்டது. பெண்ணொருவர் அவ்வாறு அழைக்கப்படுவது அக்காலத்தில் மிக அரிது.

அதே ஆண்டிலே ஒரு தோல்வியும் நேர்ந்தது. கள்ள நோட்டைப் புழங்கவிட்ட குற்றத்துக்காக ஹரியற் ஸ்கெல்ரன் என்ற பெண்ணுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவளைக் காப்பாற்ற எலிசபெத் உள்நாட்டு அமைச்சர் சிட்மத் பிரபு வரை சென்று மன்றாடினார். பயனில்லை. ஸ்கெல்ரன் தூக்கிலிடப்பட்டாள். அமைச்சரின் நல்லெண்ணத்தையும் எலிசபெத் இழந்தார். உயிரைக் காக்க முடியாத இடத்திலும் செய்யக்கூடிய வேலை மிஞ்சியிருக்கிறது என்று நம்பி அவர் சிறைப்பணியைத் தொடர்ந்தார்.

கப்பலுக்குப் போகும் வழி

1788 முதல் 1868 வரை பிரித்தானியாவும் அயர்லாந்தும் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியவர்களுள் சுமார் 25,000 பேர் பெண்கள். துணி, கரண்டி, சிறு தொகைக் காசு போன்றவற்றைத் திருடிய குற்றங்களே அவர்களுட் பலருடையவை. ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு என்று தண்டனைக்கு எல்லை இருந்தாலும் திரும்பி வரக் கப்பற்காசு யார் தருவார்? போனவர்களுட் பெரும்பாலோர் திரும்பவேயில்லை.

நியூகேற்றிலிருந்து கப்பலுக்குப் புறப்படும் முந்தைய இரவில் பெண்கள் கையிற் கிடைத்ததையெல்லாம் உடைத்துக் கலகம் செய்வது வழமையாயிருந்தது. மறுநாள் அவர்களைக் கைவிலங்கிட்டுத் திறந்த வண்டியில் ஏற்றி, தெருவோரக் கூட்டம் சேற்றை வாரியிறைக்க, துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வார்கள். 1818இல் எலிசபெத் சிறை ஆளுநரிடம் பேசி, மூடிய வண்டிகளில் அவர்களை அனுப்பச் செய்தார். தாமே அவர்களுடன் கப்பல் வரை வருவதாக வாக்களித்தார். அந்த இரவில் கலகம் நடக்கவில்லை. வண்டிகளின் வரிசைக்குப் பின்னால் எலிசபெத்தின் வண்டி சென்றது.

டெற்போட் துறையில் நின்ற மரியா என்னும் அந்தக் கப்பலில் ஏறிப் பார்த்தபோதுதான் அடுத்த கவலை பிறந்தது. பயணம் மாதக்கணக்கில் நீளும். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அத்தனை நாளும் இருண்ட கீழ்த்தளத்தில் சும்மா இருக்க வேண்டும். சோம்பலும் சண்டையும் கப்பலோட்டிகளின் தொல்லையும் அவர்களைச் சீரழித்துவிடும். போய்ச் சேரும் இடத்திலும் அவர்களுக்கு ஒரு கூரையில்லை. பறமற்றாவில் தங்குமிடம் போதாமையால் பல பெண்கள் இரவுத் தங்கலுக்குத் தாங்களே காசு தேட வேண்டியிருந்ததைப் பின்னர் அங்கிருந்த குருவானவர் சாமுவேல் மாஸ்டன் எலிசபெத்துக்கு எழுதி அறிவித்தார். காசு தேடும் வழி எதுவாக இருந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கப்பலிற் செய்யக்கூடியதும், இறங்கியபின் விற்கக்கூடியதுமான வேலையொன்று வேண்டியிருந்தது. துணித் துண்டுகளைப் பொருத்தித் தைக்கும் போர்வைக்கு நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் நல்ல கிராக்கி இருப்பது தெரிய வந்தது. முழுத் துணி வாங்கக் காசில்லை. மன்செஸ்ரர் பருத்தித் துணியை இலண்டனில் விற்ற வணிக நிலையங்களிடம் சங்கத்தினர் விண்ணப்பித்தனர். வெட்டி மிஞ்சிய அச்சுத் துணித் துண்டுகள் தேவையான அளவு வந்து சேர்ந்தன. உடுத்துக் கழித்த கந்தல்கள் அல்ல அவை. புதுத் துணியின் துண்டுகள். கப்பலில் பெண்களைப் பன்னிருவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவியை வைத்து, துண்டுகளைப் பங்கிட்டார்கள். கப்பலின் ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு வகுப்பும் ஏற்பாடாயிற்று.

பையில் இருந்தவை

1821இல் பெண் கைதிகளின் சீர்திருத்தத்துக்கான பிரித்தானியப் பெண்கள் சங்கம் நாடளாவிய அமைப்பாக உருவெடுத்தது. அதன் கப்பற் குழு, நாடு கடத்தப்படும் பெண் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பொருட்களை வரையறுத்து வைத்திருந்தது. வேதாகமம் ஒன்று, சாக்குத் துணியாலான ஏப்ரன் ஒன்று, கறுப்புக் கம்பளி ஏப்ரன் ஒன்று, கறுப்புப் பருத்தித் தொப்பி ஒன்று, உடைகளை வைக்கச் சாக்குப் பை ஒன்று. அவற்றோடு ஒரு சிறிய பை. அதனுள் நாடா, குண்டூசிகள், 100 தையல் ஊசிகள், கிழிசல் தைக்கும் பெரிய ஊசிகள், வெள்ளையும் நிறமுமான நூல் உருண்டைகள், வண்ண நூற் கண்டுகள் 24, விரலில் மாட்டும் திம்பிள், கத்தரிக்கோல், சீப்பு, இரண்டு இறாத்தல் துண்டுத் துணி ஆகியவை இருந்தன. பார்வை குறைந்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடியும் கொடுக்கப்பட்டது.

இந்தப் பட்டியலைத் தையல் அறிந்த எவரும் நிறுத்தி நிதானமாகப் படிப்பர். கொடுத்தவர்கள் தாமும் ஊசி பிடித்தவர்கள் என்பது ஒவ்வொரு பொருளிலும் தெரிகிறது. ஊசி கடலிற் காற்றில் துருப்பிடிக்கும், கப்பல் ஆட்டத்தில் தவறி விழும் என்று தெரிந்தவரே நூறு ஊசி வைப்பார். நாற்பது வயதைக் கடந்தவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது என்று அறிந்தவரே மூக்குக்கண்ணாடியை நினைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தரிக்கோலைக் கவனிக்க வேண்டும். நேற்றுவரை கைவிலங்கிட்டு வைத்திருந்த கைகளில் கூரிய கத்தரிக்கோலைக் கொடுப்பதென்றால், கொடுப்பவர் அந்தப் பெண்ணை நம்புகிறார் என்பது பொருள்.

துண்டு பொருத்தும் வேலை கப்பலுக்கு ஏற்ற வேலையும் கூட. மேசை வேண்டாம், மடி போதும். ஒரு துண்டை எடுத்து அடுத்ததோடு சேர்க்கும் நேரம் கிடைத்தால் போதும். அலை உயர்ந்தால் மடித்து வைக்கலாம், அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிழைத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும், முழுத் துணியும் வீணாகாது. தைக்கத் தெரியாதவள் தெரிந்தவளுக்குப் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம். முடிந்த போர்வைகளைச் சில பெண்கள் வழியிலுள்ள துறைமுகங்களில் விற்றுக் காசாக்கினர். அந்தக் காசு புது மண்ணில் அவர்களுடைய முதல் இரவுகளுக்குக் கூரையானது.

எலிசபெத்தும் குழுவினரும் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 106 கப்பல்களைச் சென்று பார்த்து, சுமார் 12,000 பெண்களை வழியனுப்பியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

சோதனைக் காலம்

1823ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டம் பெண் கைதிகளைப் பெண்களே காவல் செய்ய வேண்டும் என்று விதித்தது. எலிசபெத்தின் புகழ் ஓங்கியது. அதே வேளையில், பதினொரு பிள்ளைகளின் தாய் வீட்டை விட்டு ஊர்ப்பணிக்குப் போவதா என்ற கண்டனமும் ஓயாமல் எழுந்தது. இந்தக் கண்டனத்தை நம் நாட்டுப் பெண்கள் எல்லாத் தலைமுறையிலும் கேட்டிருக்கிறார்கள்.

1828இல் கணவரின் வங்கி வங்குரோத்தானது. குவேக்கர் சபை ஜோசப் பிரையை உறுப்புரிமையிலிருந்து நீக்கியது. கைதிகளுக்குச் செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று ஊர் முணுமுணுத்தது. பிளாஷெற் இல்லத்தை விட்டு அப்ரன் லேனிலிருந்த சிறிய வீட்டுக்குக் குடும்பம் மாறியது. உடன்பிறந்த சகோதரர் ஜோசப் ஜோன் கேர்னி செய்த பண உதவியாலேயே குடும்பம் நிமிர்ந்தது. ஊருக்குக் கொடுத்துப் பழகியவர் பிறரிடம் வாங்கி வாழும் நிலைக்கு வந்தார். கைகொடுப்பவரின் முகத்தைப் பார்த்து வாங்குவது எப்படியிருக்கும் என்பதை அவர் அந்த ஆண்டுகளில் தாமே அனுபவித்தார். ஆனாலும் கப்பல்களுக்குப் பைகள் போவது நிற்கவில்லை.

1830களில் அரசாங்கத்தின் போக்கும் மாறியது. கைதிகளைத் தனியறையில் அடைத்து, பேச்சின்றி வைத்திருப்பதே திருத்தும் வழி என்ற கொள்கை வலுப்பெற்றது. சிறைப் பரிசோதகர்கள் 1836இல் வெளியிட்ட அறிக்கை நியூகேற் நிலையைச் சாடியதோடு, பெண்கள் சங்கத்தாரின் வருகைகளையும் குறைகூறியது. தனிமைச் சிறை மனிதரின் மனத்தை உடைத்துவிடும் என்று எலிசபெத் இறுதிவரை எதிர்த்தார். கூடியிருந்து வேலை செய்வதில்தான் மனிதர் திருந்துவர் என்பது அவர் கண்ட அனுபவம்.

சிறைப்பணியோடு அவர் நின்றுவிடவில்லை. 1820ஆம் ஆண்டின் கடுங்குளிர்காலத்தில் வீடற்றோருக்கு இலண்டனில் இரவுத் தங்குமிடம் அமைக்க உதவினார். 1840இல் தாதியருக்கான பயிற்சி நிறுவனமொன்றைத் தொடங்கினார். பிரான்ஸ், பிரசியா, டென்மார்க் முதலிய நாடுகளின் சிறைகளையும் சென்று பார்வையிட்டார். 1842இல் பிரசிய மன்னர் அவருடன் நியூகேற்றுக்கு வந்து, பின்னர் அவரது வீட்டில் விருந்துண்டார்.

ராஜா கப்பல்

1841ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ராஜா என்னும் கப்பல் வூலிச் துறையிலிருந்து 180 பெண் கைதிகளோடும் 10 பிள்ளைகளோடும் வான் டீமன்ஸ் லாண்ட் தீவுக்குப் புறப்பட்டது. இன்று தஸ்மேனியா எனப்படுவது அத்தீவே. மில்பாங் சிறையில் பணியாற்றிய கீசியா ஹேற்றர் என்ற 23 வயதுப் பெண் அவர்களுக்குத் துணையாகச் சென்றார். ஜூலை 19ஆம் திகதி கப்பல் ஹோபாட் துறையை அடைந்தபோது 179 பெண்கள் உயிரோடிருந்தனர்.

பெரும்பாலான கப்பல்களில் தைத்த போர்வைகள் விற்கப்பட்டு எங்கெங்கோ போய்விட்டன. ராஜா கப்பலின் பெண்கள் விற்பதற்கல்லாமல் கொடுப்பதற்காக ஒன்றைத் தைத்தனர். அகலமும் நீளமும் ஏறத்தாழ மூன்றே கால் மீற்றர். துண்டுகளின் எண்ணிக்கை 2,815. பஞ்சு அடைக்காத, உட்துணி வைக்காத மேல்விரிப்பு அது. நடுவே வெள்ளைத் துணியில், சீத்தைத் துணியிலிருந்து வெட்டியெடுத்த பறவைகளும் பூக்களும் ஒட்டித் தைக்கப்பட்டுள்ளன. அதைச் சுற்றிச் சட்டம் சட்டமாக வண்ணத் துண்டுகளின் கரைகள். நாம் சீத்தை என்று சொல்லும் அச்சுத் துணிக்கு ஐரோப்பாவில் மோகம் பிறந்ததே சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிகளால்தான். மன்செஸ்ரர் ஆலைகள் அதையே இயந்திரத்தில் அச்சிட்டன.

விரிப்பின் கீழ்ப்பகுதியில் பட்டு நூலால் புள்ளடித் தையலில் ஒரு நன்றியுரை உள்ளது. 1841 ஜூன் மாதத் திகதியிட்ட அவ்வுரை கப்பற் குழுவின் பெண்களை விளித்து, அவர்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி கூறி, உழைப்போடு இருக்கும்படி சொன்ன அறிவுரையைத் தாங்கள் மறக்கவில்லை என்பதற்கு இந்த விரிப்பே சான்று என்று சொல்கிறது. தைத்தவர்கள் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. கைப்பெயர் மட்டும் உண்டு. நேரான சிறு தையலும், கோணலான பெருந் தையலும் அருகருகே இருப்பதால் தேர்ந்தவளும் புதியவளும் சேர்ந்தே தைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஹோபாட்டில் அது ஆளுநரின் மனைவி ஜேன் பிராங்ளின் சீமாட்டியிடம் கையளிக்கப்பட்டது. பின்பு நீண்டகாலம் அதைப் பற்றிய செய்தி இல்லை. 1987இல் ஸ்கொற்லாந்தில் ஒரு வீட்டு மேல்மாடத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. 1989இல் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பி, இன்று கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் இடையிடையே மட்டும் காட்சிக்கு வைக்கிறார்கள்.

மறைவும் தொடர்ச்சியும்

எலிசபெத் பிரை அம்மையார் 1845ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி றாம்ஸ்கேற் கரையோர நகரில் காலமானார். பார்க்கிங் என்னுமிடத்துக் குவேக்கர் இடுகாட்டில் அடக்கம் நடந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌனமாகக் கூடி நின்றனர். கனடாவில் சிறைப்பட்ட பெண்களுக்காக உழைக்கும் சங்கங்கள் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

2010இல் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலை மூன்று நூற்றாண்டுப் போர்வைகளின் கண்காட்சியொன்றை நடத்தியது. ராஜா கப்பலின் விரிப்பும் அதற்காக இலண்டன் வந்தது. அதே கண்காட்சிக்கென வொன்ஸ்வேத் சிறைச்சாலையின் ஆண் கைதிகள் ஒரு போர்வையைத் தைத்துக் கொடுத்திருந்தனர். எலிசபெத் காலத்துப் பெண் கைதிகளின் கைவேலையும் இன்றைய ஆண் கைதிகளின் கைவேலையும் ஒரே கூரையின்கீழ் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன.

நமக்கு

தையல் வகுப்பில் மிஞ்சிய துண்டுகளை எறியாமல் பையில் சேர்த்து வைக்கப் பழகியவர்கள் நாம். சீருடை வெட்டியது, சேலைக்குச் சட்டை தைத்தது என ஒவ்வொரு வீட்டிலும் அப்படியொரு பை இருக்கும். அவற்றைப் பொருத்திப் போர்வையாக்கி முதியோர் இல்லத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் கொடுப்பது நல்ல காரியம். கொடுக்கும்போது எலிசபெத் அம்மையாரிடமிருந்து மூன்று விடயங்களை நாம் கற்கலாம்.

ஒன்று, கொடுக்கும் துண்டு நல்ல துண்டாயிருக்க வேண்டும். நாம் உடுக்கக் கூசும் துணியைப் பிறருக்குப் போர்த்தக் கூடாது. இரண்டு, தைத்த போர்வையோடு தைப்பதற்கான பையையும் கொடுக்கலாம். குளிருக்கு நாம் தைத்த போர்வை உதவும். நீண்ட பகற்பொழுதுக்கும் கைச்செலவுக்கும் ஊசியும் நூலும் துண்டுத் துணியும் உதவும். இல்லங்களில் சும்மா அமர்ந்திருக்கும் தாய்மாருள் எத்தனை பேர் ஒருகாலத்தில் கை நிறையத் தையல் தெரிந்தவர்கள்! அவர்களுக்கு மூக்குக்கண்ணாடியையும் மறவாமல் சேர்ப்போம். மூன்று, வாங்குபவர்களும் கொடுக்க விரும்புவார்கள். ராஜா கப்பலின் பெண்களுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தப் பை மட்டுமே. அதிலிருந்தே ஒரு பரிசைத் தைத்து அனுப்பினார்கள். நாம் கொடுத்த பையிலிருந்து ஒருநாள் யாரேனும் ஒரு சிறு தலையணை உறையைத் தைத்து நம் கையில் நீட்டினால், வேண்டாம் அம்மா, நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிடாமல் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வோம்.

நூறு ஆண்டுகளாக நம் கல்லூரி அன்னை பெண்பிள்ளைகளின் கையில் ஏட்டையும் ஊசியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். அந்த ஊசி துருப்பிடியாமல் இருக்கட்டும்.